அரைகிராமின் சாம்பல் விமானம்

மாதிரி விமானக் கழகத்தில் அவருடைய சொந்தப் பெயர் உறுப்பினர் அட்டையோடு சரி. மற்றபடி அவர் அரைகிராம். ஒருமுறை சக உறுப்பினர் ஒருவர் ஆசையாசையாக அவருடைய விமானத்தின் இறக்கையில் கழகச் சின்னத்தை ஒட்டிவிட்டார். இவர் அதை நகத்தால் மெல்ல உரித்தெடுத்து, கையோடு கொண்டுவந்திருந்த தராசில் வைத்துப் பார்த்து, "அரை கிராம் இருக்கு, நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவர் முகம் தொங்கிப்போனது. சின்னத்தை உரித்தாகிவிட்டது, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயரை மட்டும் உரிக்க முடியவில்லை.

தொழில், பல் செய்வது. பல்மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து கொடுப்பார். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. ஒன்றில் சூளையும் தேய்க்கிற மோட்டாரும், எங்கே கை வைத்தாலும் வெள்ளைப் பொடியும். இன்னொன்றில் ஜன்னலோரம் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் பல்லுக்கு நிறம் ஏற்றுவார். பல் வெள்ளையாக இருக்கும் என்று சொல்பவன் பல்லையே பார்க்காதவன் என்பது அவர் கட்சி. மஞ்சள் கலந்த வெள்ளை, பழுப்பு கலந்த வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை என்று அவரிடம் வெள்ளைக்கே ஒரு குடும்பம் இருந்தது. எதிரே வந்து நின்று சிரிப்பவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, பல்லின் நிறத்தைப் பார்ப்பார். தன் கண்ணுக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொள்வார். கேட்பவர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

வீட்டில், மகள் வேலை கிடைத்து வேற்றூர் போனபிறகு காலியான அறையில் விமானங்கள் குடியேறின. எல்லாம் ஒரே போர்விமானம்தான். நிஜமான போர்விமானத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய உருவம். வயிற்றுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு மின்விசிறி, மூக்குப்பக்கம் பேட்டரி. கையில் ரிமோட்டோடு தரையில் நின்று ஓட்டவேண்டியது. முதலாவதைக் கடையில் வாங்கிய வரைபடத்தை வைத்துச் செய்தார். அது கிளம்பிய வேகத்தில் மூக்கைத் தரையில் குத்தியது. இரண்டாவது மேலே போனது, ஆனால் திரும்பி வரும் எண்ணம் அதற்கு இல்லை. மூன்றாவதிலிருந்து அவர் யாருடைய வரைபடத்தையும் நம்புவதில்லை என்று முடிவுசெய்து, தானே திருத்த ஆரம்பித்தார். இப்போது நடப்பது ஏழாவது.

இந்த மாதிரி விமானங்களுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. விசிறியும் மோட்டாரும் பின்னால் இருப்பதால் வால் கனத்துப்போகும். வால் கனத்தால் விமானம் குடித்தவன் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு தள்ளாடும். கழகத்தில் மற்றவர்கள் அதற்கு மூக்கில் ஒரு ஈயக்கட்டியை வைத்து ஒட்டிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அரைகிராமுக்கு அது பரீட்சையில் பிட் அடிப்பதற்குச் சமம். அவர் ஈயம் வைக்கமாட்டார். பின்பக்கத்தைத்தான் இளைக்க வைப்பார். திருகாணிகளின் மிச்ச நுனியை நறுக்கினார். வாலுக்குள் இருந்த மரச்சட்டங்களில் பல் குடையும் கருவியால் ஓட்டை போட்டார். ஒயரை ஒரு விரல்கடை அளவு சுருக்குவதற்காக மோட்டாரையே இடம் மாற்றினார். விமானியின் கண்ணாடிக் கூண்டை, பல்லுக்கு உறை செய்கிற இயந்திரத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உறிஞ்சவைத்து வார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மை விமானிக்கு வாய் மூடியிருந்தாலும் உள்ளே பல் வைக்கலாமா என்று கொஞ்சநாள் யோசித்தார். எடை கூடும் என்பதால் விட்டுவிட்டார். விமானி பல்லில்லாமலே போருக்குக் கிளம்பினார்.

கிண்டலை விட்டுவிட்டுச் சொன்னால், அது நல்ல விமானம். ஒரு பொட்டு ஈயம் இல்லாமல் இரண்டு ஆள்காட்டி விரல்நுனிகளில் நூல் பிடித்தாற்போல நின்றது. ஆறு விமானங்களில் விழுந்து எழுந்து கற்றதை எல்லாம் மனிதர் அதில் கொட்டியிருந்தார். நேராகப் போகச் சொன்னால் நேராகப் போகும், கையை எடுத்துவிட்டால் கோணாமல் தானாகவே பறக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டது வெறும் ஜம்பமில்லை. அது எவ்வளவு உண்மை என்பது அவருக்கே பிற்பாடுதான் தெரியவந்தது.

மனைவிக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. கடையின் பின்பக்கம் திரை போட்ட ஒடுக்கமான அறையில் வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரில் மாட்டிய அட்டையில் எழுத்துகளைப் படிக்கச்சொல்லிக் கண் சோதிப்பவர். இருபது வருஷமாக இந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மனிதர்கள் வேறு எதை ஒப்புக்கொண்டாலும் கண் தெரியவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஓட்டுநர் வேலைக்குச் சான்றிதழ் வேண்டி வருகிறவர்கள், வெளியே காத்திருக்கும்போதே திரையின் இடுக்கு வழியாக அட்டையை மனப்பாடம் செய்துவிட்டு, உள்ளே வந்து பாட்டுப்போல ஒப்பிப்பார்கள். அவர்களுக்காகவே அவர் அலமாரியில் இன்னொரு அட்டை வைத்திருந்தார். அதை எடுத்து மாட்டியதும் சிலர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். மனப்பாடம் செய்தவன் தடுமாறவேமாட்டான், நிஜமாகப் படிக்கிறவன்தான் கண்ணைச் சுருக்குவான், திணறுவான் என்று அவர் சொல்வதுண்டு.

இவ்வளவு தெரிந்த அம்மாளுக்கு வீட்டுக்காரரிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. அவர் கடைப்பக்கமே வரமாட்டார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அவர் வாயெல்லாம் பல்லாக, வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார். அது இல்லாமலே மருந்து அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். பத்து வருஷமாகக் கண்ணாடி போட்டவர். வயது ஏற ஏற எல்லோருக்கும் கண் மங்குகிறது, தனக்கு மட்டும் இளமை திரும்புகிறது, எல்லாம் நுணுக்கமான வேலை செய்வதால் வந்த பயன் என்று விளக்கமும் கொடுத்தார். கழகத்தில் இதைச் சொன்னபோது நாலு பேர் தங்கள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்களாம்.

மனைவி சிரிக்கவில்லை. வெள்ளெழுத்து திடீரென்று விலகினால் அது இளமையில்லை, கண்புரை வருகிற வழி என்று அவருக்குத் தெரியும். புரை முற்றும்போது கிட்டத்தில் உள்ளது கொஞ்சகாலம் பளிச்சென்று தெரியும், அதற்கு விலையாகத் தூரத்தில் உள்ளது கரைந்துபோகும். அவர் அன்று கூடத்தின் மறுகோடியில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். கணவர் தலையைத் தூக்காமலே தேதியைச் சொன்னார். பார்த்துச் சொல்லுங்கள் என்றதற்கு, தெரிந்த தேதியை எதற்காகப் பார்க்கவேண்டும் என்று திருப்பிக் கேட்டார். டாக்டரிடம் போகலாம் என்று அம்மாள் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தூரத்தில் உள்ளது மங்குவது அவருக்குத் தெரியாமலில்லை. பஸ்ஸின் முன்னால் எழுதியிருப்பது படிக்க முடியவில்லை என்றால் பெயிண்ட் சரியில்லை என்பார். எதிரே வருகிறவரை அடையாளம் தெரியவில்லை என்றால் அந்த ஆள் இளைத்துப்போனார் என்பார். ஆனால் உள்ளூர அவருக்குப் பயம் இருந்தது. பயத்துக்குக் காரணம் கழகத்தின் ஒரு விதி. மணிக்கு நூறு கிலோமீட்டருக்குமேல் சீறுகிற பொருளைக் கண் தெரியாதவர் கையில் கொடுக்கக்கூடாது என்பதால், வருஷாந்திரப் போட்டியன்று ஒவ்வொருவரும் தூரத்தில் நிற்கும் ஒரு காரின் நம்பர் பலகையைப் படித்துக் காட்டவேண்டும். படிக்காதவர் பார்வையாளர் உறுப்பினர் ஆகிவிடுவார். அதாவது நிழற்பந்தலில் நாற்காலி எடுத்துப் போடுவார், மற்றவர்கள் பறக்கவிடும்போது கைதட்டுவார். இரண்டு வருஷம் முன்னால்வரை தலைகீழாகப் பறக்கவிட்டு வித்தை காட்டியவர் ஒருவர், இன்றைக்கு வருகிறவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அரைகிராம் அவரிடம் டீ வாங்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பல்லைக்கூடப் பார்ப்பதில்லை. விமானம் கையைவிட்டுப் போய்விட்டால் தனக்கு வேறு ஒன்றுமே இல்லை என்று அவர் நினைத்தார். அதனால், மூன்று வருஷமாகக் கழகத்துக்காரர்களின் கார் நம்பர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

போட்டி நெருங்கியது. வர்ணம் பூசுகிற கட்டம் வந்தது. நிஜமான போர்விமானத்துக்குச் சாம்பல் நிறம் எதற்கு என்றால், எதிரி கண்ணுக்குத் தெரியாமல் வானத்தோடு வானமாகக் கலப்பதற்கு. மாதிரி விமானம் விடுகிறவருக்கு எதிரி கிடையாது, தன் விமானம் தன் கண்ணுக்குத் தெரிவதுதான் முக்கியம். அதனால் விவரமானவர்கள் அடிவயிற்றில் பளீரென்று ஆரஞ்சுப் பட்டை தீட்டிக்கொள்வார்கள். மனைவியும் அதைத்தான் சொன்னார். அரைகிராம் அதிர்ந்துபோனார். எந்த நாட்டுப் போர்விமானத்தில் ஆரஞ்சுப் பட்டை இருக்கிறது? நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். தவிர, பட்டைக்கு எடை இருக்கிறது.

கடையில் வாங்கிவந்த சாம்பல் வர்ணத்தைத் திறந்து பார்த்தவர், மூக்கைச் சுளித்தார். மஞ்சளடிக்கிறது என்றார். விற்பவர்களுக்கு நிறம் தெரிவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, நீலம் கொஞ்சம், வெள்ளை கொஞ்சம், மறுபடி நீலம் கொஞ்சம் என்று சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒரு வாரம் போராடி, தன் கண்ணுக்குத் துல்லியமான சாம்பலைக் கொண்டுவந்தார். காபி கொடுக்க வந்த மனைவி, "என்னங்க, நீலமா இருக்கே?" என்றார்.

"நீ எழுத்தப் பாரு. நிறத்த என்கிட்ட விடு."

அம்மாள் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சமயத்தில் பல்மருத்துவர்கள் இரண்டு பேர் செய்தனுப்பிய பற்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகவில்லையாம். அரைகிராம் அதற்கும் காரணம் வைத்திருந்தார்: பக்கத்துப் பல்தான் சரியில்லை, நோயாளிகள் டீயை அளவாகக் குடிக்கவேண்டும்.

போட்டியன்று மனைவியும் கூட வந்தார். இத்தனை வருஷத்தில் வராதவர் ஏன் வருகிறார் என்று அவர் கேட்கவில்லை. காரை யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது, விமானத்தைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கிறது, நீயே ஓட்டு என்று பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்தார். ஏழாவது, பின்சீட்டில் மெத்தை விரித்துப் படுத்திருந்தது.

கழகத்தின் மைதானம், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பின்புறம். பழைய லாரிகள் நிற்கிற சிமென்ட் தளம்தான் ஓடுபாதை. அதன் ஒரு பக்கம் நிழற்பந்தலும் கார்களும், மறுபக்கம் ஆளில்லாத புல்வெளி. செயலாளர், சொந்தமாக அச்சகம் நடத்தி ஓய்வுபெற்றவர். காகிதத்தில் ஊறிய மை எத்தனை நிறம் காட்டும் என்று அவர் பேச ஆரம்பித்தால் யாருக்கும் தப்பிக்க வழி கிடையாது. நடுவர்கள் மூன்று பேர், செயலாளர் அதில் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் பாலம் கட்டின பொறியாளர், ஒருவர் நீச்சல் பயிற்சியாளர். மூவருக்கும் சேர்த்தால் இருநூறு வயதுக்குமேல் இருக்கும்.

முதலில் கண் பரிசோதனை. செயலாளர் அரைகிராமைக் கோட்டில் நிறுத்தி, தூரத்தில் பந்தலுக்குப் பக்கத்தில் நின்ற காரைக் கைகாட்டி, "நம்ம கார்தான், படிங்க" என்றார். அரைகிராம் கண்ணைச் சுருக்கவில்லை, திணறவில்லை. நம்பரைக் கணீரென்று ஒப்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பேரைப் பார்த்தவர் அவர். திரும்பிக் காரைப் பார்த்தார். பலகையில் இருந்த நம்பருக்கும் கணவர் சொன்ன நம்பருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. செயலாளர் பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கியிருந்தார். கணவர் சொன்னது விற்றுப்போன காரின் நம்பர்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அம்மாள் நினைத்தார். செயலாளர் தன் காரை உற்றுப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். புது நம்பர் அவருக்கு இன்னும் மனப்பாடமாகியிருக்கவில்லை, பலகையும் அவருக்குத் தெரியவில்லை. காதில் விழுந்த நம்பர் பழகின நம்பராக இருந்தது. "கரெக்ட்" என்று டிக் போட்டார்.

அதற்குமேல் யாரிடம் போய்ச் சொல்வது? அம்மாள் கணவரைத் தனியாக இழுத்துப்போய், இன்றைக்கு விடவேண்டாம் என்றார். அவர் விமானத்தைக் கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு நின்றார்.

"ஏழு விமானம் செஞ்சேன். இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு," என்றார். குரலில் ஜம்பம் ஒன்றுமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. அந்த இடத்தில் அம்மாள் கண்டிப்பாக இருந்திருக்கவேண்டும். கடையில் வருகிறவன் எவனாவது அப்படிக் கெஞ்சியிருந்தால் சான்றிதழைத் தொடவே விட்டிருக்கமாட்டார். இங்கே மனசு இளகிவிட்டது. பறக்கவிடுபவர் பக்கத்தில் ஒரு துணையாள் நிற்கலாம் என்று விதியில் இருந்ததால், தான் நிற்பதாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார். அம்மாள் நின்றார்.

தரையில் வைத்துப் பார்க்கும் சுற்றில் ஏழாவது எல்லோரையும் வாயடைக்கச் செய்தது. நடுவர்கள் மூவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தார்கள். ஈயம் இல்லை என்றதும் பொறியாளர் விரலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நிறத்துக்கு வந்தபோது செயலாளர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, "இதுதான்யா சாம்பல். இந்தக் கழகத்துல இன்னைக்குவரைக்கும் யாரும் சாம்பல் அடிச்சதே இல்ல" என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டார். மற்ற இருவரும் ஆமாம் என்று போட்டார்கள். அரைகிராம் திரும்பி மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு ஒரு கோப்பை தனியாகக் கொடுத்திருக்கலாம்.

பிறகு பறந்தது. ஓடுபாதையில் சீறிப்போய், பாதியிலேயே தரையை விட்டு, காற்றில் பதமாக ஏறியது. பார்த்தவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். முதல் திருப்பம் அழகாக அமைந்தது. இரண்டாவது திருப்பத்தில் புல்வெளியின்மேல் போய், அடிவயிற்றைக் காட்டியபடி வெளிறிய வானத்துக்குள் நுழைந்தது. அரைகிராமுக்கு அது அங்கேயே கரைந்துபோனது. வானம் இருந்தது, சத்தம் இருந்தது, விமானம் இல்லை. எதிரி கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்த நிறம். அது வேலை செய்தது.

எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பாகப் போகலாம். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த வருஷம் டீ ஊற்றவேண்டியதுதான். அவர் செய்த காரியம் இது: ரிமோட்டின் குச்சிகளிலிருந்து கட்டைவிரல்களை எடுத்துவிட்டார். எடுத்த விரல்களைக் குச்சிகளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் ஆட்டினார். முகத்தை வானத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மெதுவாக நகர்த்தினார், ஏதோ பறப்பதைப் பின்தொடர்வது மாதிரி. நடுவர்கள் மூவரும் அவர் முகம் திரும்பிய பக்கமே முகத்தைத் திருப்பினார்கள். பேனாக்கள் ஓடின. நீச்சல் பயிற்சியாளர், "என்ன ஒரு நிதானம்" என்றார்.

மனைவி வானத்தைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைப் பார்த்தார். பிறகுதான் தலையைத் தூக்கி விமானத்தைத் தேடினார். அது இவர்கள் யாரும் பார்க்காத பக்கத்தில், முதுகுக்குப் பின்னால், தன் பாட்டுக்கு ஒரு பெரிய வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கோணவில்லை, தள்ளாடவில்லை. அம்மாள் அவர் காதருகே போய், அடிக்குரலில் பேசினார்.

"அங்க இல்ல. பின்னாடி இருக்கு."

"தெரியும்," என்றார் அவர், முன்னால் பார்த்துக்கொண்டே. பிறகு இன்னும் மெதுவாக, "விழுதா?" என்று கேட்டார்.

"விழல. நல்லாப் பறக்குது. எதையும் தொடாதீங்க."

வட்டம் சுற்றி ஓடுபாதைப் பக்கமாக மூக்கு திரும்பியபோது, மோட்டாரை மட்டும் குறையுங்கள் என்றார் அம்மாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இப்போது முழுக்க நிறுத்துங்கள் என்றார். அரைகிராம் கண்ணை மூடிக்கொண்டே அதைச் செய்தார், திறந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஏழாவது சத்தம் அடங்கி, மெல்ல இறங்கி, ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்லில் உருண்டுபோய் நின்றது. ஒரு கீறல் இல்லை. முந்தைய ஆறும் அவர் கையில் நொறுங்கின அல்லது தொலைந்தன. கை படாமல் பறந்த ஒன்றுதான் முழுசாக வந்து சேர்ந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கட்டுப்பாட்டுக்கான கோப்பையை அவருக்கே கொடுத்தார்கள். குச்சியைத் தொடாமல் தொடுகிற மாதிரி அவ்வளவு மென்மையாக விரல் வைத்து ஓட்டியவரை இந்த மைதானம் பார்த்ததில்லை என்று செயலாளர் பேசினார். அரைகிராம் கோப்பையை வாங்கும்போது டீ ஊற்றுகிறவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். அவரை மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது கோப்பை மடியில் இருந்தது. சிக்னலில் கார் நின்றது. முன்னால் ஒரு பஸ். மனைவி ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, அந்த பஸ்ஸின் பின்னால் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் பெயிண்ட் சரியில்லை என்று வரவேண்டும். சிக்னல் மாறியது, பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது, அம்மாள் காரை எடுக்கவில்லை.

"தெரியல," என்றார் அவர். "இனிமே விடமாட்டாங்கல்ல?"

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் நம்பர் பலகை என்ன, அதற்குக் கீழே ஒட்டியிருக்கிற புழுதியும் தெரியும் என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்தவனுக்கும் ஒரு முறைப்பைக் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்பினார். இத்தனை சுலபமான காரியத்துக்கா மூன்று வருஷம் ஊரார் கார் நம்பரை எல்லாம் மனப்பாடம் செய்தேன் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டை அவிழ்த்து, சொட்டுமருந்து போட்டுக்கொண்டு, மேல்மாடி அறைக்குத்தான் முதலில் போனார். பல்மருத்துவர்கள் திருப்பி அனுப்பிய பற்கள் டப்பாவில் இருந்தன. மூடியைத் திறந்தவர் பின்வாங்கினார். குளியலறைச் சுவரில் பதிக்கிற ஓடு மாதிரி நீலம் பாய்ந்து பளபளத்தன. அதை வாயில் வைத்துக்கொண்டு எந்த மனிதன் வெளியே போய்ச் சிரிப்பான்? மூடியை மூடி, வீட்டுக்கு வந்து, விமான அறைக் கதவைத் திறந்தார்.

ஏழாவது மேசையில் நின்றது. நல்ல நீலம். வெயில் நாளின் வானநீலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வானம் வரைந்தால் அடிக்கிற நீலம். யாரோ அறைக்குள் புகுந்து வேறு வர்ணம் பூசிவிட்டார்களா என்று ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் பார்த்தார். அழகான சாம்பல். இடதைப் பொத்தி வலதால் பார்த்தார். நீலம். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே நின்றார். புரை விழுந்த கண் உலகத்துக்கெல்லாம் மஞ்சள் பூசிக் காட்டியிருக்கிறது, அதை ஈடுகட்டத்தான் இவர் சொட்டுச் சொட்டாக நீலம் ஊற்றியிருக்கிறார். கதவோரம் வந்து நின்ற மனைவி, தான் அன்றைக்கே சொன்னதைச் சொல்லிக் காட்டவில்லை. அது ஒன்றும் சின்னத் தியாகமில்லை.

அரைகிராம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு செயலாளருக்கு போன் செய்தார். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினார். கோப்பையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். விமானத்தைத் தான் ஓட்டவில்லை, அது தானாகவே பறந்தது, தனக்குக் கண்ணே தெரியவில்லை, கார் நம்பரையும் படிக்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னது, அதுவும் பழைய காரின் நம்பர் என்றார். எல்லாவற்றுக்கும்மேல், அந்த விமானம் சாம்பல் நிறமே இல்லை, நீலம் என்றார்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலில் உண்மையான கரிசனம் இருந்தது.

"நாங்க மூணு பேர் கிட்ட நின்னு பார்த்தோமே சார், சாம்பல்தான். எனக்கு நிறம் தெரியாதா? ஆபரேஷன் சரியா அமையலன்னு நினைக்கறேன். எதுக்கும் வேற டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்க. இன்னொரு கண்ண மட்டும் தொடவிடாதீங்க."

அரைகிராம் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த மைதானத்தில் நிழற்பந்தலுக்குமேல் சீறிக்கொண்டு போகிற விமானங்கள் எத்தனை, கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர்களையெல்லாம் எப்படியாவது கடைக்கு வரவைத்தால் சோதிக்க முடியுமா என்று மனைவியிடம் கேட்டார்.

"வரச்சொல்லுங்க," என்றார் அம்மாள். "அலமாரியில இருக்கற அட்டைய எடுத்து மாட்டி வைக்கறேன்."